வெள்ள நேர உதவிக் குழு: யாருக்கு என்ன வேலை, யார் யாரிடம் பேசுவது

வெள்ளம் புகுந்த இரண்டாம் நாள் ஒரே வீட்டு வாசலில் மூன்று படகுகள் வந்து நிற்கும். நான்கு தெரு தள்ளி, முந்தின நாள் இரவே தகவல் சொன்ன வீட்டுக்கு ஒரு படகுகூடப் போயிருக்காது. முதல் வீட்டின் செய்தி ஐந்து வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றியது. பார்த்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இரண்டாவது வீட்டின் செய்தியை இருநூறு பேர் பார்த்தார்கள். வேறு யாராவது போயிருப்பார்கள் என்று இருநூறு பேருமே நினைத்துக்கொண்டார்கள். ஆளும் இருந்தது, மனமும் இருந்தது. யார் போவது என்று சொல்ல ஒருவர் இல்லை.

தெருவிலோ கல்லூரியிலோ அலுவலகத்திலோ 20 முதல் 40 பேர் சேர்ந்து மழைக்கால உதவிக் குழு தொடங்குகிறவர்களுக்கும், அப்படி ஒரு குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. படகு பிடிப்பது, சமைப்பது, மருந்து வாங்குவது பற்றி இதில் இல்லை. வேலையைப் பிரிப்பதும் செய்தி போகும் பாதையை வகுப்பதும் மட்டுமே. இரண்டு விதிகளை மட்டும் முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: ஒரு கோரிக்கைக்கு ஒரே ஒரு பொறுப்பாளர், ஒரு ஆளுக்கு உத்தரவு சொல்ல ஒரே ஒருவர். மற்றதெல்லாம் இந்த இரண்டையும் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுதான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது

1970-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 13 நாட்கள் எரிந்த காட்டுத் தீயில் 16 பேர் இறந்தார்கள்; 700-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. தீயணைக்க வந்த துறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே திறமையானவைதான். ஆனால் ஒருவரிடம் அளவுக்கு மீறிய பேர் வந்து உத்தரவு கேட்டார்கள், ஒரு துறையின் வயர்லெஸ் மற்றொன்றுக்குக் கேட்கவில்லை, ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். இந்தக் குறைகளைக் களையத்தான் அங்கே, யார் யாருக்கு உத்தரவு சொல்வது என்று வகுக்கும் சம்பவக் கட்டளை முறை (Incident Command System) உருவானது. நம் நாட்டில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அதை நம் நிர்வாகத்துக்கு ஏற்ப மாற்றி, 2010 ஜூலையில் வழிகாட்டு நெறியாக வெளியிட்டது. மாவட்டத்தில் அதன் பொறுப்பு அதிகாரி ஆட்சியர்.

முப்பது பேர் குழுவுக்கு அந்த நெறியின் எல்லாப் படிவங்களும் தேவைப்படாது. ஒரு கணக்கை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நேரடியாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஆட்கள் 3 முதல் 7 பேர். 5 பேர் என்றால் நல்லது. எட்டாவது ஆள் வந்ததும் அணியை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். இந்த எண்ணைச் சும்மா சொல்லவில்லை. தூக்கம் கெட்ட ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் பத்துப் பேர் போன் செய்தால், யாரிடம் என்ன சொன்னோம் என்பது நினைவில் நிற்காது.

வேலையைப் பிரிப்பது

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது பழமொழி. 2015-இல் சென்னை மூழ்கியதும் கார்த்திகையில்தான். ஆகவே புரட்டாசிக்குள் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு பொறுப்புகளைப் பிரித்தால், குரல் பெரிதாக உள்ளவருக்குப் பெரிய பொறுப்பு போய்விடும்.

30 பேர் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: ஒருங்கிணைப்பாளர் 1, துணை 1, அழைப்பு மேசை (கோரிக்கைகளைக் கேட்டு எழுதுகிறவர்கள்) 6, சரிபார்ப்பு (வந்த கோரிக்கை உண்மையா என்று போன் செய்து பார்க்கிறவர்கள்) 3, களப் பொறுப்பாளர் 1, அவருக்குக் கீழே நான்கு நான்கு பேராக 3 கள அணிகள், கிடங்கு 3, கணக்கு 1, அரசுத் தொடர்பு 1, பாதுகாப்பு (அணிகள் பத்திரமாகத் திரும்புவதைப் பார்க்கிறவர்) 1. மேசை ஆறு பேரில் ஒருவர் தலைவர்; சரிபார்ப்பவர்களும் அவர் கீழ் வருவார்கள். மேசை ஷிப்ட் முறையில் நடப்பதால் ஒரே நேரத்தில் அவர் பார்க்க வேண்டியவர்கள் ஏழைத் தாண்ட மாட்டார்கள். ஒருங்கிணைப்பாளரிடம் நேரடியாகப் பேசுகிறவர்கள், துணையைத் தவிர, ஆறு பேர்: மேசை, களம், கிடங்கு, கணக்கு, அரசுத் தொடர்பு, பாதுகாப்பு. வெளியே போகும் அறிவிப்பு, சமூக ஊடகப் பதிவு, பத்திரிகை கேட்டால் பதில் ஆகியவற்றைத் துணை ஒருங்கிணைப்பாளர் பார்க்கட்டும்.

அழைப்பு மேசை ஆறு பேருக்கும் காரணம் உண்டு. எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஷிப்ட், ஷிப்டுக்கு இரண்டு பேர்: ஒருவர் பேசுவார், ஒருவர் எழுதுவார். அழுதுகொண்டே பேசுகிறவரிடம் விவரம் கேட்டுக்கொண்டே தானும் எழுதினால் கதவு எண் தவறும்.

சரிபார்ப்பு வேலைக்கு ஊரிலேயே இருக்க வேண்டிய அவசியமில்லை. பெங்களூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு “நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்கும் நண்பர்களிடம் இதைக் கொடுங்கள். அங்கே மின்சாரம் இருக்கும், சிக்னல் இருக்கும், சார்ஜ் இருக்கும்.

ஆள் குறைவு என்றால் சில பொறுப்புகளைச் சேர்க்கலாம். அரசுத் தொடர்பையும் வெளி அறிவிப்பையும் ஒருவரே பார்க்கலாம். மேசையும் சரிபார்ப்பும் ஒன்றாகலாம். ஆனால் மூன்றை எந்த நிலையிலும் சேர்க்காதீர்கள். பொருள் வாங்குகிறவரே பணம் பட்டுவாடா செய்யக் கூடாது. களப் பொறுப்பாளரே பாதுகாப்புப் பொறுப்பாளராக இருக்கக் கூடாது; “இன்னும் ஒரு வீடு பார்த்துவிடலாம்” என்பது ஒருவரின் வேலை, “போதும், இருட்டிவிட்டது, திரும்புங்கள்” என்பது இன்னொருவரின் வேலை. இந்த இரண்டையும் ஒரே வாய் சொன்னால் முதலாவதுதான் ஜெயிக்கும். மூன்றாவது, ஒருங்கிணைப்பாளர் படகில் ஏறக் கூடாது. இதில்தான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. குழுவைத் தொடங்கியவர் இயல்பிலேயே முன்னே ஓடுகிறவராக இருப்பார். அவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது போன் நனைந்துவிடும். அந்த இரண்டு மணி நேரம் முப்பது பேரும் முடிவு சொல்ல ஆளின்றி நிற்பார்கள். களத்தில்தான் இருக்க வேண்டும் என்று மனம் துடித்தால், ஒருங்கிணைப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கள அணியில் சேர்ந்துவிடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

பொறுப்புச் சீட்டு

ஒவ்வொரு பொறுப்புக்கும் அரைப் பக்கச் சீட்டு ஒன்று எழுதுங்கள். கிடங்குக்கு எழுதினால் இப்படி இருக்கும்:

வேலை: வரும் பொருளை எண்ணி நோட்டில் ஏற்றுவது, கோரிக்கை எண் எழுதிய சீட்டு இருந்தால் மட்டும் பொருள் கொடுப்பது, மாலை 6 மணிக்கு இருப்பைச் சொல்வது.
தானே முடிவெடுக்கலாம்: ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் வரையிலான அவசரக் கொள்முதல். பணம் தருவது கணக்குப் பொறுப்பாளர்.
கேட்டுச் செய்ய வேண்டியது: அதற்கு மேற்பட்ட செலவு, வேறு குழுவுக்குப் பொருள் கொடுப்பது.
செய்யக் கூடாதது: கோரிக்கையை நேரடியாக ஏற்பது, நன்கொடைப் பணத்தைக் கையில் வாங்குவது.
பதில் சொல்ல வேண்டியவர்: ஒருங்கிணைப்பாளர்.
இவர் இல்லாதபோது: மாற்று ஆளின் பெயர், எண்.

தொகை உங்கள் வசதிப்படி இருக்கட்டும். தொகை என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதே முக்கியம். அது எழுதப்படாத குழுவில் இரண்டு குடம் தண்ணீர் வாங்கக்கூட ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போகும். “செய்யக் கூடாதது” என்ற வரியை எழுதத் தயங்குவார்கள், சொந்த ஆட்களிடம் எப்படிச் சொல்வது என்று. அந்த வரிதான் அந்த ஆளைக் காப்பாற்றுகிறது. கிடங்கில் நிற்கும் பெண்ணிடம் ஏரியாப் பெரியவர் வந்து “எங்க தெருவுக்கு ஐம்பது பாய் எடுத்துக் கொடும்மா” என்று கேட்டால், “சீட்டு இல்லாம நான் கொடுக்கக் கூடாதுங்க ஐயா, எழுதியே வெச்சிருக்காங்க பாருங்க” என்று சுவரைக் காட்ட அவளுக்கு ஒரு வழி இருக்க வேண்டும். எல்லாச் சீட்டுகளையும் ஒரே சார்ட்டில் ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். படம் எடுத்து அறிவிப்புக் குழுவில் பின் செய்துவையுங்கள்.

செய்தி போகும் பாதைகள்

பெரும்பாலும் ஒரே வாட்ஸ்ஆப் குழுவில் எல்லாம் தொடங்கும். மூன்றாம் நாள் அதில் 1,400 செய்திகள் இருக்கும்: கோரிக்கை, நன்றி, மழைப் படம், “யாராவது இருக்கீங்களா”, வானிலை ஃபார்வர்டு, கும்பிடும் கைகள். தேவையான ஒரு வரியைத் தேடி எடுக்க முடியாது. எனவே முதல் நாளே பாதைகளைப் பிரியுங்கள்.

அறிவிப்புக் குழுவில் எல்லோரும் இருப்பார்கள், அட்மின்கள் மட்டும் எழுத முடியும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள். அட்மின்கள் இரண்டு பேர் போதும். ஒரு நாளைக்கு நான்கு செய்திகளுக்கு மேல் போட வேண்டாம். அப்போதுதான் வருவதைப் படிப்பார்கள். மேசைக் குழுவில் மேசை, சரிபார்ப்பு, களப் பொறுப்பாளர், கிடங்கு மட்டும். ஒவ்வொரு கள அணிக்கும் ஐந்து பேர் கொண்ட தனிக் குழு: அணியில் நால்வர், களப் பொறுப்பாளர். இவ்வளவுதான். “மகளிர் அணி”, “கோர் டீம் புதியது”, “கோர் டீம் ஒரிஜினல்” என்று முளைப்பவற்றை அன்றே மூடச் சொல்லுங்கள். ஆறுதலாகப் பேசிக்கொள்ள ஒரு அரட்டைக் குழு வேண்டும் என்றால் இருக்கட்டும், அது மனிதத் தேவைதான். ஆனால் அங்கே போட்ட கோரிக்கை கோரிக்கையாகாது என்று அதன் முதல் வரியிலேயே எழுதிவையுங்கள்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே ஒரு தொலைபேசி எண். அது யாருடைய சொந்த எண்ணாகவும் இருக்கக் கூடாது. புதிய சிம் வாங்கிச் சாதாரண பட்டன் போனில் போடுங்கள். ஒரு முறை சார்ஜ் செய்தால் நாட்கணக்கில் தாங்கும், ஷிப்ட் மாறும்போது போன் கைமாறினால் போதும், எண் மாறாது. சொந்த எண்ணைக் கொடுத்தவர் தூங்கப் போனால் கூடவே குழுவும் தூங்கிவிடும். வெள்ளம் வடிந்து ஆறு மாதம் ஆன பிறகும் அவருக்கு அழைப்பு வந்துகொண்டிருக்கும். வேறு கம்பெனி சிம் ஒன்றையும் மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டவர் விழுந்தால் இன்னொன்று கிடைக்கலாம்.

கோரிக்கை எந்த வழியாக வந்தாலும் கடைசியில் ஒரே பதிவேட்டுக்கு வர வேண்டும். இணையம் இருந்தால் கூகுள் ஷீட், இல்லையென்றால் நீளநோட்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் தனித்தனியாக எழுதினால் ஒரே எண் இரண்டு வீட்டுக்குப் போய்விடும். நோட்டுதான் மூலம், ஷீட் அதன் நகல் என்று வைத்துக்கொண்டால் மின்சாரம் போனாலும் தடுமாற்றம் இருக்காது.

கோரிக்கை எழுதும் முறை

குழுக்களில் சுற்றும் செய்தி இப்படித்தான் இருக்கும்: “அவசரம்!!! வரதராஜபுரத்தில் முதியவர்கள் மாட்டிக்கொண்டுள்ளனர். உணவு தண்ணீர் இல்லை. தயவுசெய்து அதிகம் பகிரவும்.” இதில் தேதி இல்லை, நேரம் இல்லை, எத்தனை பேர் என்று இல்லை, சொன்னது யார் என்று இல்லை. இது நேற்றைய செய்தியா, மூன்று வருடத்துக்கு முந்தையதா என்றுகூடத் தெரியாது. வாட்ஸ்ஆப்பில் இரட்டை அம்புக்குறியோடு வருவது குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்தி. அப்படி வந்ததைச் சரிபார்க்காமல் களத்துக்கு அனுப்பவே கூடாது.

அதே கோரிக்கை பதிவேட்டில் ஏறும்போது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

எண் 47. டிசம்பர் 2, பகல் 2.20. வரதராஜபுரம், தெருப்பெயர், கதவு எண், பின்கோடு. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே மஞ்சள் வீடு, 2-ஆம் மாடி. 4 பேர்: முதியவர் 2 (ஒருவர் நடக்க மாட்டார்), பெரியவர் 1, குழந்தை 1. தேவை: வெளியேற்றம். தண்ணீர் இடுப்பளவு. வீட்டில் உள்ள எண். சார்ஜ் 20 சதவீதம். சொன்னவர்: மகன், வெளியூரிலிருந்து. சரிபார்த்தது: 2.35, வீட்டில் உள்ளவரிடமே பேசியாயிற்று. பொறுப்பு: அணி 2. நிலை: அனுப்பியது, 2.50.

போன் சார்ஜ் எவ்வளவு என்று கேட்பது சின்ன விஷயமாகத் தோன்றும். அது தெரிந்தால்தான் “இனி நீங்கள் யாருக்கும் போன் செய்யாதீர்கள், மூன்றரை மணிக்கு நாங்களே கூப்பிடுகிறோம்” என்று சொல்ல முடியும். “நடக்க மாட்டார்” என்ற சொல் இல்லாமல் அனுப்பினால், நாற்காலியும் கயிறும் இல்லாமல் போன அணி திரும்பி வந்து மறுபடி போகும்.

முகவரியில் தவறு வரும் இடங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நேரு நகர், காந்தி நகர், அண்ணா தெரு என்ற பெயர்கள் சென்னையிலும் புறநகரிலும் பல இடங்களில் உண்டு. பின்கோடு கேட்காமல் எழுதாதீர்கள். 3-வது குறுக்குத் தெருவும் 3-வது பிரதான சாலையும் வேறு. பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் கேளுங்கள். இரைச்சலில் சிக்ஸ்டீன், சிக்ஸ்டி இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். ஒன்று-ஆறு, ஆறு-பூஜ்யம் என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்.

கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் எந்த அழைப்பையும் முடிக்காதீர்கள். “அம்மா, நான் எழுதினதைப் படிக்கிறேன், சரியான்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டாவது மாடி, நாலு பேர், தாத்தா நடக்க மாட்டார். சரிங்களா? உங்க நம்பர் நாற்பத்தேழு. திரும்பப் பேசினா நாற்பத்தேழுன்னு சொல்லுங்க போதும்.” இதற்கு இருபது விநாடிகூட ஆகாது. அந்த எண் கிடைத்ததும் எதிரே இருப்பவரின் குரல் தணிவதைக் கேட்கலாம். தன் பேச்சு எங்கோ ஓரிடத்தில் பதிவாகிவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது. குரல் பதிவாக வந்த கோரிக்கையையும் மேசையில் உள்ளவர் உடனே எழுத்தாக்கிவிட வேண்டும். குரல் பதிவுக்குள் சொல்லைத் தேட முடியாது.

நிலையைக் குறிக்க ஐந்து சொற்கள் போதும்: புதிது, சரிபார்த்தது, அனுப்பியது, முடிந்தது, ஒப்படைத்தது. “பார்த்துக்கொண்டிருக்கிறோம்”, “ஓகே”, கட்டைவிரல் படம் எதுவும் நிலை ஆகாது. கட்டைவிரலுக்கு ‘படித்தேன்’ என்றும் பொருள், ‘போகிறேன்’ என்றும் பொருள், ‘நன்றி’ என்றும் பொருள். ஒரு கோரிக்கையை ஏற்பவர் எண்ணைச் சொல்லி ஏற்க வேண்டும்: “47, அணி 2, கிளம்பினோம்.” முடித்ததும் “47 முடிந்தது, 4 பேரும் பள்ளிக்கூட முகாமில், 4.10.” மேசை உடனே சொன்னவருக்குத் தெரிவித்து, அவர் வேறு எங்கெல்லாம் பகிர்ந்தாரோ அங்கெல்லாம் ‘உதவி கிடைத்துவிட்டது’ என்று போடச் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டால் தீர்ந்துபோன கோரிக்கை வாரக் கணக்கில் ஊர் சுற்றி வேறு குழுக்களின் படகுகளை அலையவைக்கும்.

பாதையை மீறுகிறவர்கள்

மீறுவது பெரும்பாலும் அன்பினால்தான். அணியில் இருக்கும் தம்பிக்கு அவனுடைய மாமா நேரடியாகப் போன் செய்வார்: “நம்ம சித்தி வீடு பக்கத்துலதானே, அப்படியே போயிட்டு வந்துடேன்.” அவன் போவான். அந்த நேரத்தில் 47-ஆம் எண் வீடு காத்திருக்கும், அணி எங்கே என்று களப் பொறுப்பாளருக்கும் தெரியாது. இதற்குத் திட்டினால் பயனில்லை. சொல்ல ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுங்கள்: “மாமா, நான் மேசைக்குச் சொல்லி நம்பர் போடச் சொல்றேன். நம்பர் வந்தாத்தான் படகு நகரும்.” அவனே அந்தக் கோரிக்கையை மேசைக்கு அனுப்பட்டும். சொந்தக்காரர் வீடானாலும் வரிசையில் நியாயமான இடம் கிடைக்கும். இடுப்பளவு தண்ணீரில் குழந்தை இருந்தால் முன்னே வரும், இல்லையென்றால் காத்திருக்கும்.

கண்ணெதிரே உயிராபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. வழியில் யாராவது மூழ்கிக்கொண்டிருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். காப்பாற்றிவிட்டு மேசைக்குச் சொல்லுங்கள், பிறகு எண் போட்டுக்கொள்ளலாம். இந்த விதிவிலக்கைச் சீட்டிலேயே எழுதிவைப்பது நல்லது.

மீறுகிறவர்களில் ஒருங்கிணைப்பாளரே முதல் ஆளாகவும் இருக்கலாம். அவர் அணி 3-ஐ நேரே கூப்பிட்டு “அங்கே போங்கள்” என்பார். அணி போகும். களப் பொறுப்பாளர் அதே அணியை வேறு இடத்துக்கு அனுப்ப முயல்வார். இப்படி இரண்டு முறை நடந்தால் மூன்றாவது முறை களப் பொறுப்பாளர் எதையும் முடிவெடுக்க மாட்டார், எல்லாவற்றுக்கும் “அண்ணன்கிட்ட கேட்டுக்கோ” என்பார். தகவல் கேட்க யாரும் யாரிடமும் பேசலாம். உத்தரவு மட்டும் படி இறங்கித்தான் வர வேண்டும்.

சிக்னல் இல்லாத நாள்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போனும் சேர்ந்தே போயின. அந்த நிலைக்கு முன்பே ஒரு ஏற்பாடு வேண்டும். இணையம் செத்தாலும் எஸ்.எம்.எஸ். சில சமயம் போகும். முதலில் அதை முயலுங்கள். அதுவும் இல்லையென்றால் நேரமும் இடமும் குறித்த சந்திப்பு: காலை 7, பகல் 1, மாலை 6, உயரமான ஓரிடத்தில். ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவர் வந்துதீர வேண்டும். இடம் மூழ்கினால் போக வேண்டிய இரண்டாவது இடத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

செய்தியைத் தூதர் வாயில் சொல்லி அனுப்பாதீர்கள். ஸ்டேஷனரி கடையில் கார்பன் வைத்த பில் புத்தகம் கிடைக்கும், அணிக்கு ஒன்று வாங்குங்கள். மேல் தாள் போகிறவரிடம், நகல் உங்களிடம். நீலப் பந்துமுனைப் பேனா, கூடவே ஒரு பென்சில். ஜெல் பேனா எழுத்து நனைந்தால் கரைந்துவிடும். புத்தகத்தை ஜிப் உறையில் போட்டுவையுங்கள்.

அணி கிளம்பும்போது பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் பெயர், கிளம்பும் நேரம், போகும் இடம், திரும்பும் நேரம் நான்கையும் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பேச்சு. ஒரு முறை தவறினால் அவர் கூப்பிடுவார். குறித்த திரும்பும் நேரமும் தாண்டி அரை மணி ஆகிவிட்டால், சரிபார்த்துக்கொண்டிருக்காமல் கடைசியாகத் தெரிந்த இடத்தை அவசர உதவி எண் 112-க்குச் சொல்ல வேண்டும். அந்த முடிவுக்கு அவர் ஒருங்கிணைப்பாளரிடம்கூடக் கேட்க வேண்டியதில்லை.

அரசோடு பேசுவது

ஒரே குழுவிலிருந்து ஆறு பேர் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டால், அங்கே ஆறு கோரிக்கையாகப் பதிவாகும். எனவே அரசுத் தொடர்பாளர் ஒருவர்தான் பேச வேண்டும். அவரிடம் இருக்க வேண்டிய எண்கள்: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, சென்னை மாநகராட்சி 1913, ஆம்புலன்ஸ் 108. இவற்றோடு உங்கள் வார்டு அலுவலகம், கிராம நிர்வாக அலுவலர், தீயணைப்பு நிலையம், காவல் நிலையம் ஆகியவற்றின் நேரடி எண்கள். மழைக்கு முன்பே ஒரு முறை நேரில் போய், “இந்தப் பகுதிக்கு நாங்கள் முப்பது பேர் இருக்கிறோம், பேச வேண்டுமென்றால் இவர்” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். முன்பின் பார்த்த முகத்துக்கு வெள்ள நாளில் கதவு சீக்கிரம் திறக்கும்.

அதிகாரிகளிடம் ஒப்படைத்த கோரிக்கைக்கு ‘ஒப்படைத்தது’ என்று நிலை போடுங்கள், ‘முடிந்தது’ என்று போடாதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்து அந்த வீட்டுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். கைமாறும் இடத்தில்தான் கோரிக்கைகள் தொலைகின்றன.

பணம்

நன்கொடை பற்றிய எந்தக் கேள்விக்கும் கணக்குப் பொறுப்பாளர் மட்டுமே பதில் சொல்ல வேண்டும். பதிவு செய்த அமைப்பு ஒன்றின் கணக்கு வழியாக வாங்குவது நல்லது. தனியார் ஒருவரின் ஜி-பேயில் வாங்கிய பணம், எவ்வளவு நேர்மையாகச் செலவானாலும், பிறகு பேச்சுக்கு இடம் கொடுக்கும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களோ வெளிநாட்டு நிறுவனங்களோ தரும் பணத்தை வாங்க வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்படி பதிவு அல்லது முன் அனுமதி வேண்டும். அது இல்லாத குழு அன்போடு மறுத்துவிட வேண்டும். வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் தினமும் இரவு அறிவிப்புக் குழுவில் மூன்றே வரியில் போடுங்கள். பாதி சந்தேகங்கள் எழாமலே போகும்.

ஷிப்ட் மாறும்போது

பழைய ஆள் கிளம்புவதற்கும் புதிய ஆள் உட்காருவதற்கும் இடையே 15 நிமிடம் இருவரும் சேர்ந்து இருக்க வேண்டும். பதிவேட்டில் திறந்திருக்கும் எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படியுங்கள். பிறகு எழுத்தில் ஏறாதவை: யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், யாரைத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னோம், எந்த அணி இன்னும் வெளியே இருக்கிறது. கடைசியாக போன், சார்ஜர், சாவி, சில்லறைப் பணம். புதியவர் நோட்டில் நேரத்தோடு கையெழுத்திட்ட பிறகே பழையவர் எழுந்திருக்கலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் மேசையில் இருக்கக் கூடாது. “எனக்கு ஒண்ணுமில்ல, நான் பார்த்துக்கறேன்” என்பவரை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஒத்திகை

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒத்திகை பார்க்காமல் விட்டால் சுவரில் சார்ட் மட்டும்தான் இருக்கும். பத்துப் பொய்க் கோரிக்கைகளைத் தயார் செய்யுங்கள். அதில் இரண்டு ஒரே வீடு வெவ்வேறு ஆள் சொன்னது. ஒன்று போன வருடச் செய்தி. ஒன்றில் முகவரி தவறு. ஒன்று நேரடியாக அணி உறுப்பினருக்குப் போகும் சொந்தக்காரர் போன். நடுவில் பதினைந்து நிமிடம் எல்லோருடைய டேட்டாவையும் அணைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்: பத்துக் கோரிக்கைக்கு ஒன்பது எண்தான் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொறுப்பு, எல்லாமே ஒரு நிலையில் முடிந்திருக்க வேண்டும். எந்த எண் அநாதையாக நின்றதோ, அந்த இடத்துச் சீட்டைத் திருத்துங்கள்.

குழுவைக் கலைப்பது

தண்ணீர் வடிந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராக மறைந்துபோவார்கள். வேலைக்குப் போக வேண்டும், வீட்டைக் கழுவ வேண்டும். அதற்கு முன் ஒரு தேதி அறிவியுங்கள். திறந்திருக்கும் எண்கள் எல்லாவற்றையும் முடியுங்கள் அல்லது ஒப்படையுங்கள். மீந்த பொருளுக்குக் கணக்கெழுதி யாரிடம் போகிறது என்று சொல்லுங்கள். கள அணிக் குழுக்களை முதலில் மூடுங்கள், மேசைக் குழுவைக் கடைசியில். பதிவேட்டில் வயதானவர்கள் தனியே இருக்கும் வீடுகள், அவர்களின் நோய், எண்கள் எல்லாம் இருக்கும். நோட்டை ஒருங்கிணைப்பாளர் பூட்டிவைக்கட்டும். ஷீட்டுக்கான அனுமதியை மற்ற எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள், போன்களில் உள்ள முகவரிப் படங்களை அழிக்கச் சொல்லுங்கள். அழைப்பு எண்ணை மட்டும் இன்னும் பதினைந்து நாள் உயிரோடு வைத்திருங்கள். பழைய ஃபார்வர்டைப் பார்த்துவிட்டு யாராவது கூப்பிடுவார்கள். எடுத்துப் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.